இறுதி ஆட்டத்தில் இல்லாத கேப்டன்: ஜெய்பால் சிங் முண்டா முதல் வந்தனா கட்டாரியா வரை

பென்னலூரில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் கல்லூரி மாணவர்கள். மீதிப்பேர் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை கம்பெனிகளில் சி.எல். வேலை பார்ப்பவர்கள். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, தூங்கி எழுந்து, கண் சிவக்க வந்து உட்காருவார்கள். போன மாதம் அவர்களில் ஒரு தம்பி கேட்டான்: "அக்கா, கிரிக்கெட்ல நம்மாளுங்கள எடுக்க மாட்டாங்கன்னு தெரியும். ஹாக்கி ஏழைங்க ஆட்டம்தானே, அங்கயாவது ஒழுங்கா எடுக்குறாங்களா?"

பல்வங்கர் பாலுவைப் பற்றி முந்தைய வாரம் பேசியிருந்தோம். அதன் தொடர்ச்சிதான் இந்தக் கேள்வி. படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலு, சமார் சாதியில் பிறந்த இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். 1911-ல் இங்கிலாந்து போன முதல் அகில இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். பம்பாயில் மத அடிப்படையில் அணி பிரித்து ஆடிய போட்டிகளில் இந்து அணியின் தூண். ஆனால் கேப்டன் பதவி மட்டும் வரவே இல்லை. 1920-ல் அணித் தலைவர் எம்.டி. பாய் உடல்நலமின்றி இருந்தபோதும் நிர்வாகம் பாலுவைத் தாண்டி வேறொருவரை நியமித்தது. பாலுவின் தம்பிகள் சிவராமும் விட்டலும், இது சாதிப் பாகுபாடு என்று பொதுவில் அறிவித்துவிட்டு ஆட மறுத்து வெளியேறினார்கள். பம்பாயே பேசியது. அடுத்த ஆட்டத்துக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது, பாலு துணைக் கேப்டன் ஆனார். 1923-ல் விட்டல் கேப்டனாகவே ஆனார்.

அந்தத் தம்பிக்கு அன்று என்னால் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. சேர்த்துவைத்துப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

ஹாக்கியில் கதை 1928-ல் தொடங்குகிறது. இந்திய ஹாக்கி கூட்டமைப்பு 1925-ல் குவாலியரில் உருவானது. மூன்றே ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்கு அணி அனுப்பத் துணிந்தார்கள். ஆள் தேர்வு செய்ய கல்கத்தாவில் மாகாணங்களுக்கு இடையே போட்டி வைத்தார்கள். ஐக்கிய மாகாணம், பஞ்சாப், வங்காளம், ராஜபுதனம், மத்திய மாகாணம் என ஐந்து அணிகள். மதராஸ் அதில் இல்லை. ஆடியவர்களில் பாதிக்கு மேல் ஆங்கிலோ இந்தியர்கள்; ரயில்வே, தந்தி இலாகா பிள்ளைகள். ராணுவத்திலிருந்து தயான் சந்த் என்ற சிப்பாய் வந்தார். பணம் போதாமல் இரண்டு பேரை விட்டுவிட்டுப் போகும் நிலை வந்து, வங்காளத்தில் நிதி திரட்டி அவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். மார்ச் மாதம் பம்பாயில் கப்பல் ஏறியபோது வழியனுப்ப மூன்று பேர்தான் வந்தார்கள் என்று தயான் சந்த் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அணி கல்கத்தாவில் தேர்வானது. அந்த அணியின் கேப்டன் கல்கத்தாவில் இல்லை, இங்கிலாந்தில் இருந்தார். அவர்தான் ஜெய்பால் சிங். இன்றைய ஜார்க்கண்டின் குந்தி மாவட்டத்தில் டக்ரா கிராமத்தில் 1903-ல் பிறந்த முண்டா ஆதிவாசி. ராஞ்சி செயின்ட் பால் பள்ளியில் படித்தபோது மிஷனரி தலைமையாசிரியர் ஒருவர் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். ஆக்ஸ்போர்டில் பொருளாதாரம் படித்தார், ஹாக்கியில் பல்கலைக்கழக அணியில் ஆடி 'ப்ளூ' பெற்றார். ஐ.சி.எஸ். தேர்விலும் வென்று பயிற்சியில் இருந்தார். அப்போதுதான் நீதான் கேப்டன் என்று செய்தி வந்தது.

விடுப்பு கேட்டார். இந்தியா ஆபீஸ் மறுத்தது. அன்றைக்கு ஐ.சி.எஸ். என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாவட்டத்தையே ஆளும் பதவி. விடுப்பு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று ஜெய்பால் ஆடப் போனார். முன்பின் பார்த்திராத தன் அணியை லண்டனில்தான் சந்தித்தார்.

ஆம்ஸ்டர்டாமில் ஆஸ்திரியாவை 6-0, பெல்ஜியத்தை 9-0, டென்மார்க்கை 5-0, சுவிட்சர்லாந்தை 6-0 என்று வென்றார்கள். மே 26 அன்று இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை 3-0. மொத்தம் 29 கோல் போட்டு, ஒன்றுகூட வாங்கவில்லை. தயான் சந்த் மட்டும் 14 கோல். இந்தியாவுக்கு ஹாக்கியில் முதல் ஒலிம்பிக் தங்கம்.

அந்த இறுதி ஆட்டத்தில் கேப்டன் களத்தில் இல்லை.

லீக் ஆட்டங்கள் முடிந்த நிலையில் ஜெய்பால் அணியை விட்டு விலகினார். ஆங்கிலேய மேலாளர் ஏ.பி. ராசருடன் ஏற்பட்ட பிணக்குதான் காரணம் என்றே பதிவுகள் சொல்கின்றன. துணைக் கேப்டன் எரிக் பின்னிகர் பொறுப்பேற்று அணியை நடத்தினார். போட்டித் தேர்வுப் புத்தகங்களில் "ஜெய்பால் சிங் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது" என்று ஒரு வரி வரும். நானும் அதைத்தான் மனப்பாடம் செய்தேன். அவர் இல்லாமல்தான் கோப்பை வந்தது என்ற பாதி உண்மை அந்த வரிக்குள் இல்லை.

இதை ஒரு நேரடிச் சாதிச் சம்பவமாகச் சுருக்கிவிட எனக்கு மனமில்லை. ஆங்கிலோ இந்திய வீரர்களும் வெள்ளையர் மன்றங்களின் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்தான். ஆனால் அமைப்பைப் பாருங்கள். பெயர்ப் பட்டியல் போடுவது கூட்டமைப்பு. அணியைக் கையில் வைத்திருப்பது மேலாளர். களத்தில் பொறுப்பு கேப்டனுக்கு. மூன்று அதிகாரங்களுக்கும் எல்லை எது என்று யாரும் வரையவில்லை. முட்டிக்கொண்டதும், பின்னால் ஆள்பலம் இல்லாதவர்தான் வெளியே போனார். கூட்டமைப்பு மேலாளரை மாற்றவில்லை. பாலுவுக்காக மட்டையைக் கீழே வைக்க இரண்டு தம்பிகள் இருந்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஜெய்பாலுக்கு யார் இருந்தார்கள்?

திரும்பிப் போனவரிடம், விடுப்பின்றிப் போனதால் பயிற்சியைக் கூடுதலாக ஓர் ஆண்டு செய் என்றது அரசு. ஜெய்பால் ஐ.சி.எஸ்.ஸையே உதறினார். 1939-ல் ராஞ்சியில் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். மக்கள் அவரை 'மராங் கோம்கே', பெருந்தலைவர், என்று அழைத்தார்கள். அரசியல் நிர்ணய சபையில் 1946 டிசம்பர் 19 அன்று பேசியபோது, தன்னை 'ஜங்கிலி' என்று அழைப்பதில் தனக்குப் பெருமையே என்றார். ஜனநாயகத்தை ஆதிவாசிகளுக்கு நீங்கள் கற்றுத்தர வேண்டாம், அவர்களிடமிருந்து நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். நீங்கள்தான் எங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா, எங்களை நாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ள முடியாதா என்ற கேள்வி அந்த உரை முழுக்க இருப்பதாக எனக்குப் படும். அது ஹாக்கி மைதானத்திலும் பழகிய கேள்வி என்று நினைக்கிறேன். நிரூபிக்க என்னிடம் ஆவணம் கிடையாது.

இனி நம் வீட்டுப் பக்கம் வருவோம். தன்ராஜ் பிள்ளை. புனேக்குப் பக்கத்தில் கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் மைதானத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர். உடைந்த ஸ்டிக்கைக் கயிறு சுற்றி ஒட்டி அண்ணன் தம்பிகள் ஆடக் கற்றார்கள். 1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் தன்ராஜ் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. 1966-க்குப் பிறகு, அதாவது 32 ஆண்டுக்குப் பிறகு வந்த தங்கம். ஊருக்குத் திரும்பியதும் என்ன நடந்தது? தன்ராஜும் வேறு ஆறு மூத்த வீரர்களும் அடுத்த தொடருக்கான அணியில் இல்லை. பயிற்சியாளர் எம்.கே. கௌசிக்கையும் நீக்கினார்கள். வீரர்களுக்கு 'ஓய்வு' கொடுத்திருக்கிறோம் என்றது கூட்டமைப்பு. ஆட்டத்துக்குச் சம்பளம் கொடு, நிலுவையைக் கொடு என்று வீரர்கள் வாய் திறந்ததற்கான தண்டனை என்றே ஹாக்கி உலகம் பார்த்தது.

'ஓய்வு' என்ற சொல்லை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதே இல்லை. "ரெண்டு நாள் ரெஸ்ட் எடுப்பா, போன் பண்றோம்" என்று காண்ட்ராக்டர் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த போன் வராது.

அன்றைக்குக் கூட்டமைப்பின் தலைவர் கே.பி.எஸ். கில், பஞ்சாப் காவல்துறையின் முன்னாள் தலைவர். செயலாளர் கே. ஜோதிகுமாரன், தமிழ்நாட்டுக்காரர். 1994-ல் பதவிக்கு வந்த கில் பதினான்கு ஆண்டு நாற்காலியில் இருந்தார். அந்தக் காலத்தில் பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களுக்கு முன்னால் ராஜிந்தர் சிங்கைத் தூக்கிவிட்டு ஜெர்மானியர் கெர்ஹார்ட் ராக்கைக் கொண்டு வந்தார்கள். அணி ஏழாம் இடம். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை ஆடிய தன்ராஜ், தன் கடைசி ஒலிம்பிக் ஆட்டத்தின் பெரும்பகுதியை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்.

2008 மார்ச்சில் சிலி நாட்டின் சாந்தியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, 1928-க்குப் பிறகு முதல் முறையாக இந்தியா ஒலிம்பிக்குக்கே தகுதி பெறாமல் போனது. அடுத்த மாதம் ஒரு தொலைக்காட்சியின் ரகசியக் கேமராக் காட்சி வெளியானது. ஒரு வீரரை அணியில் சேர்க்க ஜோதிகுமாரன் பணம் வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. அவர் மறுத்தார், ஆனால் பதவி விலகினார். இந்திய ஒலிம்பிக் சங்கம் கூட்டமைப்பையே இடைநீக்கம் செய்தது. கில்லின் காலம் முடிந்தது.

இனி எல்லாம் சரியாகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். 2009-ல் 'ஹாக்கி இந்தியா' என்ற புது அமைப்பு வந்தது. பழைய கூட்டமைப்போ நீதிமன்றம் போய், நான்தான் அசல் என்றது. ஒரே ஆட்டத்துக்கு இரண்டு அப்பன். 2012 பிப்ரவரியில் பழைய கூட்டமைப்பு ஒரு தனியார் நிறுவனத்துடன் சேர்ந்து 'வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கி' நடத்தியது. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் சென்னை சீட்டாஸ் ஆடியதை உங்களில் சிலரின் அண்ணன்மார் பார்த்திருக்கலாம். சர்வதேச சம்மேளனம் அந்தத் தொடரை அங்கீகரிக்கவில்லை. அதில் ஆடினால் இந்திய அணியில் இடமில்லை என்றது ஹாக்கி இந்தியா. கைக்கு முதல் முறையாக நல்ல சம்பளம் வந்த வீரர்கள் நாட்டுக்கு ஆடுவதா, வீட்டுக் கடனை அடைப்பதா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. அந்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பன்னிரண்டாம் இடம். பங்கேற்றதே பன்னிரண்டு அணிகள்தான்.

கம்பெனிக்கும் காண்ட்ராக்டருக்கும் பில் தகராறு என்றால் கேட்டுக்கு வெளியே நிற்பது யார் என்று ஒரகடத்தில் கேட்டுப் பாருங்கள்.

நடுவில் ஒரு நல்ல சம்பவமும் உண்டு. 2010 ஜனவரியில், டெல்லி உலகக் கோப்பைக்கு ஒரு மாதம் இருக்கையில், புனே முகாமில் இருந்த 22 வீரர்கள் பாக்கியைக் கொடுக்காமல் பயிற்சிக்கு வர மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். வேறு அணியை அனுப்புவோம் என்று நிர்வாகம் மிரட்டியது. இருபத்திரண்டு பேரும் சேர்ந்து நின்றதால் சில நாட்களில் பணம் வந்தது. 1998-ல் நடந்ததை மறக்காதவர்கள் அவர்களில் இருந்திருப்பார்கள்.

இதில் சாதி எங்கே என்று கேட்பீர்கள். தேர்வுக் குழு அறைக் கதவு மூடியிருக்கும்வரை, உள்ளே சாதி பேசியதா என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் 2021 ஆகஸ்டில் அது தெருவில் நின்று பேசியது.

டோக்கியோ ஒலிம்பிக். ஜூலை 31 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். ஹரித்வார் பக்கம் ரோஷ்னாபாத் கிராமத்தைச் சேர்ந்த தலித் பெண். அந்த மே மாதம்தான் அவர் அப்பா இறந்திருந்தார். பெங்களூர் முகாமில் இருந்ததால் கடைசியாக முகம் பார்க்கக்கூட ஊருக்குப் போக முடியவில்லை. ஆகஸ்ட் 4 அன்று அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் இந்தியா தோற்றது. அன்றே ஆதிக்கச் சாதி ஆண்கள் சிலர் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றோம் என்று சாதி சொல்லித் திட்டினார்கள் என்று குடும்பம் போலீசில் புகார் கொடுத்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி, கைதும் நடந்தது.

'அதிகமாகிவிட்டார்கள்.' இந்தச் சொல்லில் நான் ரொம்ப நேரம் நின்றேன். ஜெயிக்கும்போது யாரும் எண்ணுவதில்லை, அப்போது அது 'இந்தியா'. தோற்றதும் எத்தனை பேர், யார் வீட்டுப் பிள்ளை என்று எண்ண ஆரம்பிக்கிறார்கள். அணித்தேர்வு என்பது டெல்லியில் நான்கு பேர் மட்டும் செய்யும் வேலையல்ல. யார் இருக்கத் தகுந்தவர் என்ற பட்டியல் ஒவ்வொரு ஊரிலும் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. என்னோடு படித்த ஒரு பெண்ணை மாவட்டக் கோ-கோ அணியிலிருந்து கடைசி நாளில் எடுத்தார்கள். இரண்டு பி.டி. சார்களுக்குள் சண்டை, அதனால் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். இரண்டு சார்களும் பிறகு சமாதானம் ஆகிவிட்டார்கள். அவள் அதற்கப்புறம் ஆடவேயில்லை.

மேலே நம்மவர் ஒருவர் வந்தால் மாறுமா? 2022 செப்டம்பரில் ஹாக்கி இந்தியாவின் தலைவரானவர் திலீப் திர்கி. ஒடிசாவின் சுந்தர்கரைச் சேர்ந்த ஆதிவாசி, நானூறுக்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்கள் ஆடியவர், ஏதென்ஸில் கேப்டனாக இருந்தவர். கேப்டனாக வெளியேற்றப்பட்ட ஜெய்பாலிலிருந்து தலைவர் நாற்காலியில் திர்கி வரை 94 ஆண்டு. சந்தோஷப்பட வேண்டிய விஷயம், நானும் பட்டேன். ஆனால் 2024 பிப்ரவரியில் பெண்கள் அணியின் பயிற்சியாளர் யானெக் ஷாப்மேன், இங்கே எனக்கு மதிப்பில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி விலகினார். சில நாட்களில், பதின்மூன்று ஆண்டு இருந்த தலைமை நிர்வாகி எலினா நார்மனும் போனார். நிர்வாகத்துக்குள் இரண்டு கோஷ்டி என்றார். தலைவர் திர்கியும் செயலாளர் போலா நாத் சிங்கும், எங்களுக்குள் பிளவே இல்லை என்று கூட்டறிக்கை விட்டார்கள். எனக்கு யார் பக்கமும் நிற்க ஆசையில்லை. நாற்காலியில் ஆள் மாறினாலும், யார் எடுப்பது, யார் நீக்குவது, காரணம் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற விதிகள் எழுதப்படாதவரை சண்டை அப்படியேதான் இருக்கும் என்பது மட்டும் தெரிகிறது.

ஏலத்தைப் பற்றியும் அந்தத் தம்பி கேட்டான். 2024 அக்டோபரில் ஹாக்கி இந்தியா லீக் ஏழு ஆண்டுக்குப் பிறகு திரும்பி வந்தது. ஆண்கள் பிரிவில் எட்டு அணி, அதில் ஒன்று தமிழ்நாடு டிராகன்ஸ். ஓர் அணிக்குச் செலவு வரம்பு 4 கோடி. அடிப்படை விலை 2, 5, 10 லட்சம். ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சத்துக்குப் போனார். பெண்கள் பிரிவில் அதிக விலை உதிதாவுக்கு, 32 லட்சம். மனிதரை ஏலம் விடுவது நமக்கு உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். ஆனாலும் ஒன்று சொல்வேன்: ஏலத்தில் விலையைச் சத்தமாகச் சொல்கிறார்கள். யார் கை தூக்கினார், யார் தூக்கவில்லை என்று டி.வி.யில் தெரிகிறது. தேர்வுக் குழு அறையில் அந்த அளவுகூட வெளிச்சம் இல்லை. விலை போகாதவருக்கு அந்த வெளிச்சத்தால் என்ன லாபம் என்று அங்கேயே ஒருத்தி கேட்டாள். பதில் சொல்லவில்லை, சிரித்துவிட்டேன்.

2024 ஜனவரி 19 அன்று பெண்கள் அணி ஜப்பானிடம் 0-1 என்று தோற்று பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தது ராஞ்சியில். மைதானத்தின் பெயர் மராங் கோம்கே ஜெய்பால் சிங் ஹாக்கி மைதானம். பயிற்சியில் கன்ன எலும்பு முறிந்ததால் வந்தனா அன்று ஆடவில்லை. 2025 ஏப்ரல் 1 அன்று, 320 ஆட்டமும் 158 கோலுமாக, அவர் ஓய்வை அறிவித்தார். இந்த 'ஓய்வு' அவரே எடுத்துக்கொண்டது.

அடுத்த ஞாயிறு ஜெய்பால் சிங்கின் 1946 டிசம்பர் 19 உரையை வாசிக்கிறோம். பத்துப் பிரதிதான் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன். செகண்ட் ஷிப்டில் இருப்பவர்கள் சொல்லிவிடுங்கள், காலையில் வைத்துக்கொள்ளலாம்.